டெக்சாஸில் வருமான வரி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். இரண்டு பிள்ளைகள். சொத்து வரி 12,000 டாலர் கட்டுகிறோம், வீட்டுக் கடன் வட்டி ஏறக்குறைய 20,000. இருவருக்கும் இதே சம்பளத்தில் ஹூஸ்டனுக்கு மாற்றல் கிடைக்கும் போலிருக்கிறது. கேட்டி பக்கம் 5.5 லட்சம் டாலருக்குப் புது வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். “டெக்சாஸில் ஸ்டேட் டாக்ஸே கிடையாது, வருஷம் எட்டாயிரம் மிச்சம்” என்கிறார் என் கணவர். “வரி வாங்காத மாநிலம் பள்ளிக்கூடம் எப்படி நடத்தும்?” என்று நான் கேட்டால், “நடத்துகிறதே! அப்படியென்றால் நியூ ஜெர்சிதான் நம் பணத்தை வீணடிக்கிறது” என்கிறார். உண்மையில் எவ்வளவு மிஞ்சும்? கிளம்பும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலும் வீட்டுக் காப்பீட்டை இன்னும் கழிக்கவில்லை. முதலில் உங்கள் கணக்கு, பிறகு உங்கள் வீட்டு வாக்குவாதம்.

நியூ ஜெர்சியில் நீங்கள் கட்டும் மாநில வருமான வரி எவ்வளவு? 2 லட்சத்திலிருந்து கணவன் மனைவிக்குத் தலா 1,000, பிள்ளைகளுக்குத் தலா 1,500 என்று 5,000 கழியும். சொத்து வரியில் 15,000 வரை கழித்துக்கொள்ள அந்த மாநிலம் அனுமதிப்பதால் உங்கள் 12,000 முழுதும் கழியும். மிச்சம் 1,83,000. கூட்டாகத் தாக்கல் செய்பவர்களுக்கு முதல் 1.5 லட்சத்துக்கு வரி 5,512 டாலர். அதற்கு மேல் 5 லட்சம் வரை 6.37 சதவீதம். ஆக மொத்தம் 7,615 டாலர். உங்கள் கணவர் சொல்லும் எட்டாயிரம் இதுதான். எண்ணில் தவறில்லை, அது முழுதும் கைக்கு வந்து சேரும் என்று நினைப்பதில்தான் தவறு.

மாநில வரியும் சொத்து வரியும் ஃபெடரல் வரியில் கழிவாகின்றன. 2018 முதல் இந்தக் கழிவுக்கு 10,000 டாலர் உச்சவரம்பு இருந்தது. 2025 கணக்குக்கு அதை 40,000 ஆக உயர்த்தினார்கள். இன்று எடிசனில் உங்களுக்கு மாநில வரி 7,615, சொத்து வரி 12,000, வட்டி 20,000 என 39,615 டாலர் கழிகிறது. டெக்சாஸில் சொத்து வரி 11,730 (இதன் கணக்கு கீழே வருகிறது), அதே 20,000 வட்டி இவற்றோடு வருமான வரிக்குப் பதிலாக விற்பனை வரியைக் கழிக்கலாம். அதை 2,000 என்று வைத்தால் 33,730 ஆகும். ஏறக்குறைய 5,900 டாலர் கழிவு குறைகிறது. நீங்கள் இருப்பது 22 சதவீதப் படி. ஆகவே ஃபெடரல் வரி ஏறக்குறைய 1,300 டாலர் கூடும். மாநிலத்துக்குக் கட்டாத பணத்தில் ஒரு பங்கு வாஷிங்டனுக்குப் போய்விடுகிறது என்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அடுத்தது விற்பனை வரி. நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், ஆடைகளுக்கு இல்லை. டெக்சாஸில் மாநிலத்துக்கு 6.25, உள்ளூருக்கு 2 வரை, ஆக 8.25, ஆடைக்கும் உண்டு. இந்தியக் கடையில் பொன்னி அரிசி மூட்டைக்கும் உளுந்துக்கும் இரண்டு மாநிலத்திலுமே வரி கிடையாது. அதே கடையில் சுடச்சுட விற்கும் சமோசாவுக்கு இரண்டிலும் உண்டு. ஆண்டுக்கு 25,000 டாலருக்கு வரிக்குரிய பொருள்களும் 4,000 டாலருக்குத் துணிமணியும் வாங்குகிறீர்கள் என்று வைத்தால் கூடுதல் செலவு ஏறக்குறைய 735. இதோடு, உங்கள் வருமானத்தில் உள்ள வீட்டுக்காரர்களுக்கு ‘ஆங்கர்’ என்ற சொத்து வரி நிவாரணத் திட்டத்தில் நியூ ஜெர்சி தந்துவரும் 1,000 டாலரும் நின்றுபோகும்.

டெக்சாஸ் சொத்து வரிதான் இதில் பெரிய எண். அங்கே மாநில அரசு சொத்து வரி விதிக்க அரசியலமைப்பே தடை போடுகிறது. கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், மருத்துவமனை மாவட்டம், கல்லூரி மாவட்டம் ஆகியவைதாம் தனித்தனியாக விதிக்கின்றன. கேட்டி பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் ‘மட்’ என்று எல்லோரும் சொல்லும் எம்.யு.டி. வரியும் உண்டு. மனைப்பிரிவுக்குக் குழாயும் கழிவுநீர் வசதியும் போடக் கடன்பத்திரம் வெளியிட்டிருப்பார்கள். அந்தக் கடனை அடைக்கும் வரி இது. புது மனைப்பிரிவில் வீடுகள் குறைவாக இருக்கும்போது விகிதம் உயர்ந்திருக்கும், வீடுகள் நிரம்ப நிரம்ப மெல்ல இறங்கும். எடுத்துக்காட்டாக நூறு டாலர் மதிப்புக்குப் பள்ளி 1.05, கவுண்டியும் மற்றவையும் 0.75, மட் 0.60 என்று வைத்துக்கொள்வோம். சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் சலுகை உண்டு. 2023இல் 1 லட்சமாக இருந்த பள்ளி வரி விலக்கை 2025 நவம்பர் வாக்கெடுப்பு 1.4 லட்சமாக்கியது. ஆகவே பள்ளி வரி 4.1 லட்சத்துக்கு மட்டும்: 4,305. மற்றவை 4,125, மட் 3,300. மொத்தம் 11,730. எடிசனில் கட்டுவதைவிட 270 டாலர்தான் குறைவு.

இப்போது கூட்டிக் கழியுங்கள். 7,615இல் ஃபெடரல் 1,300 போகும், விற்பனை வரி 735 போகும், ஆங்கர் 1,000 போகும், சொத்து வரியில் 270 வரும். 4,850 டாலர். நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் மூன்று விகிதங்களையும் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து மதிப்பீட்டு அலுவலகம்) தளத்தில் முகவரி போட்டுப் பார்த்து, என் எடுத்துக்காட்டு எண்களுக்குப் பதிலாக அவற்றை வைத்து மறுபடி போடுங்கள். மட் விகிதம் 1.00 என்று இருந்தால் இந்த 4,850இல் 2,200 அங்கேயே போய்விடும்.

காப்பீட்டை வீடு முடிவாகும் முன்பே விலை கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் பாலிசிகளில் காற்றுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் டிடக்டிபிள் (காப்பீடு தருவதற்கு முன் நாம் கையிலிருந்து போட வேண்டிய தொகை) தனியாக, கட்டட மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் என்று எழுதியிருக்கும். 4.5 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 9,000 டாலர். ஒரே ஓர் ஆலங்கட்டி மழை கூரையை உடைத்தால் இரண்டு ஆண்டு வரி மிச்சம் கரைந்துவிடும். வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். 2017 ஹார்வி புயலில் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய கேட்டி பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்ததை மறக்க வேண்டாம்.

புது வீடு வாங்குபவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டெக்சாஸில் சொத்து மதிப்பு ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்குத்தான் கணக்கிடப்படும். அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்தால் அந்த ஆண்டு வரி மண்ணுக்கு மட்டும். மனை மதிப்பு 1.1 லட்சம், மூன்றும் சேர்ந்த விகிதம் 2.40 என்றால் 2,640 டாலர். கடன் கொடுத்த நிறுவனம் அதை வைத்து எஸ்க்ரோவுக்கு, அதாவது வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு பிடித்து வைக்கும் கணக்குக்கு, மாதம் 220 பிடிக்கும். குடும்பமும் அதற்கேற்ப வரவு செலவை அமைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு வீட்டோடு சேர்த்து 11,730 டாலருக்கு ரசீது வரும். எஸ்க்ரோவில் இருப்பது 2,640. துண்டு விழுவது 9,090. இனிமேல் மாதம் 977 பிடிக்க வேண்டும், பழைய துண்டை 12 மாதத்தில் வசூலிக்க 757 சேர்க்க வேண்டும். 220 ஆக இருந்தது 1,735 ஆகிறது. மாதத் தவணை ஒரே கடிதத்தில் 1,500 டாலருக்கு மேல் ஏறும். இது யாருடைய ஏமாற்றும் அல்ல, முறையே அப்படித்தான். க்ளோசிங்குக்கு (வீடு பத்திரப்படி கைமாறும் நாளுக்கு) முன்பே, முழு மதிப்புக்கு எஸ்க்ரோ பிடிக்கும்படி கடன் நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாதம் 760 டாலரை நீங்களே தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு வாருங்கள்.

பழைய வீடு வாங்கினால் குழி வேறு. விளம்பரத்தில் காட்டும் வரி விற்பவருடைய வரி. அவர் 65 வயது தாண்டியவராக இருந்தால் அவருடைய பள்ளி வரி உறைந்த நிலையில் இருந்திருக்கும். பல ஆண்டு குடியிருந்தவர் என்றால் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாத வரம்புக்குள் இருந்திருக்கும். வீடு கைமாறியதும் இரண்டும் போய்விடும். உங்கள் வரி சந்தை மதிப்புக்குத்தான்.

குடிபோனதும் செய்ய வேண்டியது: டெக்சாஸ் ஓட்டுநர் உரிமத்தைப் புது முகவரிக்கு எடுங்கள், அதன் நகலோடு ஹோம்ஸ்டெட் சலுகைக்கான 50-114 படிவத்தை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் கொடுங்கள். உரிமத்து முகவரியும் வீட்டு முகவரியும் பொருந்தாததுதான் விண்ணப்பங்கள் திரும்பி வர வழக்கமான காரணம். கட்டணம் கிடையாது; “நாங்கள் பதிவு செய்து தருகிறோம்” என்று பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடலாம். வசந்த காலத்தில் மதிப்பீட்டு அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க மே 15 அல்லது அறிவிப்பு அனுப்பிய 30 நாள், எது பிந்தியதோ அதுவரை நேரம். அதே மனைப்பிரிவில் ஜனவரிக்கு முன் விற்ற நான்கைந்து வீடுகளின் விலையும், உங்கள் வீட்டுக் குறைகளின் படங்களும் கொண்டுபோங்கள். வெறுமனே “வரி அதிகம்” என்றால் கேட்க மாட்டார்கள். மதிப்பு அதிகம் என்று காட்ட வேண்டும். பணம் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு வருகிறேன்.

டெக்சாஸ் வரியில்லாமல் பள்ளி நடத்தவில்லை. பெயர் வேறாக இருக்கும் வரியால் நடத்துகிறது. மாநில வரி வருவாயில் பாதிக்கு மேல் விற்பனை வரி. கச்சா எண்ணெய் எடுப்பதில் 4.6 சதவீதமும் இயற்கை எரிவாயுவில் 7.5 சதவீதமும் வரி. இந்த வசதி நியூ ஜெர்சியின் மண்ணுக்கு அடியில் இல்லை. நிறுவனங்கள் மீது ஃப்ரான்சைஸ் வரி உண்டு. பள்ளிச் செலவின் பெரும்பங்கை உள்ளூர்ச் சொத்து வரி சுமக்கிறது. பணக்கார மாவட்டத்தின் உபரியை எடுத்து ஏழை மாவட்டத்துக்குத் தரும் ‘ராபின் ஹுட்’ முறை 1993 முதல் இருக்கிறது. ஆஸ்டின் பள்ளி மாவட்டம் அதில் மிக அதிகம் திருப்பிக் கட்டுகிறது. 2019இல் தனிநபர் வருமான வரியை அரசியலமைப்பிலேயே தடுத்துவிட்டார்கள். ஆகவே சொத்து வரி தாங்க முடியவில்லை என்ற குரல் எழும்போதெல்லாம் மாநிலம் தன் உபரியிலிருந்தோ மற்ற வரிகளிலிருந்தோதான் ஈடுகட்ட முடியும். 2023இல் 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்ததால் 18 பில்லியனுக்குச் சொத்து வரி நிவாரணம் தர முடிந்தது. உபரி இல்லாத ஆண்டில் இந்த நிவாரணத்தை எதிலிருந்து தருவார்கள் என்பது எனக்கு உண்மையாகவே கவலை தரும் கேள்வி. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராகவே நின்று, 2025இல் 55 டாலர் மட்டும் ஏறியது. மற்ற தலைப்புகளில் அந்த ஆண்டு பணம் கூடியது உண்மை. ஆனாலும் இடைப்பட்ட ஆண்டுகளின் விலைவாசியைப் பள்ளிகள் தாங்களே சமாளித்தன.

இந்த வரிகளை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் எனக்குத் திடமான கருத்து உண்டு. வீடுகளில் துப்புரவு வேலை செய்து ஆண்டுக்கு 40,000 டாலர் ஈட்டும் ஒரு ஹூஸ்டன் குடும்பம் 15,000 டாலருக்கு வரிக்குரிய பொருள் வாங்கினால் விற்பனை வரி 1,237; வருமானத்தில் 3 சதவீதத்துக்கு மேல். 4 லட்சம் ஈட்டும் குடும்பம் 60,000 டாலருக்கு வாங்கினால் 4,950, வருமானத்தில் 1.2 சதவீதம். முதல் குடும்பம் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சொத்து வரியும் வாடகையில் கலந்து வரும். ஹோம்ஸ்டெட் சலுகை அவர்களுக்கு இல்லை. வேலை போனால் வருமான வரி தானாகக் குறையும். சொத்து வரி குறையாது. இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோன ஆண்டிலும் அந்த 11,730 டாலர் ஜனவரி 31க்குள் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் பொதுச் சேவைகளுக்கு வருமான வரியே நியாயமான வழி என்று சொல்கிறேன்.

நியூ ஜெர்சியில் வருமான வரி வந்த கதையே பள்ளிக்கூடத்தால் வந்தது. பள்ளிச் செலவு முழுக்க உள்ளூர்ச் சொத்து வரியில் தொங்கியதால் ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று 1973இல் ‘ராபின்சன் எதிர் கேஹில்’ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமன்றம் பணத்துக்கு வழி செய்யாமல் இழுத்தடித்தது. 1976 ஜூலை 1 அன்று நீதிமன்ற ஆணையால் மாநிலத்தின் பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில், ஆளுநர் பிரெண்டன் பெர்ன் காலத்தில், 2 சதவீதம், 2.5 சதவீதம் என்ற விகிதத்தில் வருமான வரிச் சட்டம் வந்தது. அந்தப் பணம் சொத்து வரிச் சுமையைக் குறைக்கவே பயன்பட வேண்டும் என்று அரசியலமைப்பில் எழுதிவைத்தார்கள்.

உங்கள் கணவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருமான வரியும் வாங்கி, சராசரி சொத்து வரியும் 10,000 டாலரைத் தாண்டி நிற்கும் மாநிலம் அது. ஒரு காரணம், ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியதை 1996க்குப் பிறகு கால் நூற்றாண்டு முழுமையாகக் கட்டாமல் விட்டது. 2022 நிதியாண்டில்தான் மறுபடி முழுத் தொகை கட்டினார்கள். இன்று கட்டும் வரியில் ஒரு பகுதி நேற்றைய பாக்கிக்குப் போகிறது. அதை ‘வீணடிப்பு’ என்பதைவிட ‘தள்ளிப்போட்ட கடன்’ என்பது பொருத்தம்.

வரியைக் குறைத்தால் வளர்ச்சி வந்து ஈடுகட்டும் என்று அவர் வாதிட்டால் கான்சாஸைச் சொல்லுங்கள். 2012இல் ஆளுநர் சாம் பிரௌன்பேக் உச்ச விகிதத்தை 6.45இலிருந்து 4.9 ஆக்கினார், உரிமையாளரின் வருமானமாகவே வந்து சேரும் தொழில் இலாபத்துக்கு மாநில வரியை முற்றிலும் நீக்கினார். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவர்கள் அந்த விலக்கைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வருவாய் சரிந்தது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து பணத்தை எடுத்துப் பொதுச் செலவுக்குப் போட்டார்கள். 2015இல் விற்பனை வரியை 6.15இலிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள். அப்போது அங்கே மளிகைக்கும் அந்த வரி உண்டு. 2017 ஜூனில் அவர் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றமே அவருடைய மறுப்பாணையை மீறி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. மறுபக்கம் மாசசூசெட்ஸில் 2022 நவம்பரில் 10 லட்சம் டாலருக்கு மேலான வருமானத்துக்கு 4 சதவீதக் கூடுதல் வரியை மக்களே வாக்களித்து ஏற்றார்கள். கல்விக்கும் போக்குவரத்துக்கும் என்று ஒதுக்கிய அந்தப் பணம் 2024 நிதியாண்டில் 2 பில்லியனைத் தாண்டியது. பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச உணவு அதிலிருந்து போகிறது.

கடைசியாக, கிளம்பும்போது காகிதத்தில் நடக்கும் தவறுகள். எடிசன் வீட்டை விற்கும்போது ‘எக்சிட் டாக்ஸ்’ என்று பயமுறுத்துவார்கள். அது தனி வரி அல்ல, வெளிமாநிலத்தவர் விற்கும்போது பிடிக்கும் முன்பணம். குறைந்தது விற்பனை விலையில் 2 சதவீதம். 6.5 லட்சத்துக்கு விற்றால் 13,000 டாலர். அது நீங்கள் குடியிருந்த வீடு, இலாபம் கூட்டுத் தாக்கலுக்கான 5 லட்ச டாலர் விலக்குக்குள் அடங்குகிறது என்றால், க்ளோசிங்கில் ஜி.ஐ.டி./ஆர்.இ.பி.-3 படிவத்தில் கையெழுத்திட்டால் பிடிக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மறந்தால் அடுத்த ஆண்டு தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை பணம் அங்கே கிடக்கும்.

நிறுவனம் சம்பளத்தோடு தரும் பங்குகள் இருந்தால், நியூ ஜெர்சியில் வேலை செய்த நாள்களுக்குரிய பங்கு டெக்சாஸ் போன பிறகு கைக்கு வந்தாலும் நியூ ஜெர்சி வரி கேட்கும். தந்த நாள், கைக்கு வந்த நாள், இடம்பெயர்ந்த நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். சம்பளப் பிரிவில் சொல்லி, மாறிய தேதியிலிருந்து நியூ ஜெர்சி பிடித்தத்தை நிறுத்தச் செய்யுங்கள். உங்கள் இருவரில் யாராவது நியூயார்க் அலுவலகத்துக்கு டெக்சாஸ் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடானால் உடனே நிறுத்தி மறுபடி கணக்குப் போடுங்கள். சொந்த வசதிக்காக வெளியிலிருந்து வேலை செய்பவரின் சம்பளத்துக்கு நியூயார்க் வரி விதிக்கிறது; டெக்சாஸில் வருமான வரி இல்லாததால் ஈடுசெய்துகொள்ள அங்கே எதுவும் இருக்காது.

ஒரு சாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் வங்கி வைப்புத்தொகை, வாடகை வீடு இருந்தால், இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரலில் ஈடு கிடைக்கும், நியூ ஜெர்சியில் கிடைக்காது. இரு நாட்டு ஒப்பந்தம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. 6,000 டாலர் வட்டி வந்தால் அதற்கு மட்டும் 382 டாலர் மாநில வரி. டெக்சாஸில் அது இல்லை. உங்களுக்கு அப்படி வருமானம் இருந்தால் மேலே சொன்ன 4,850இல் இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.